விண்வெளிக்குப் போய்வந்த தபால் உறை: எந்த வகையை வாங்குவது?

விண்வெளிக்கே போய்வந்த உறை ஒன்று வாங்க வேண்டும், எதில் ஆரம்பிக்கலாம்? தபால்தலை சேகரிப்பவர்களில் விண்வெளி ஆசை உள்ளவர்கள் எல்லோரும் ஒரு நாள் இந்தக் கேள்வியில் வந்து நிற்கிறார்கள். விற்பனைப் பட்டியலைத் திறந்தால் தலை சுற்றும். பத்து டாலருக்கும் 'ஸ்பேஸ் கவர்' கிடைக்கிறது, பத்தாயிரம் டாலருக்கும் கிடைக்கிறது. இரண்டிலும் ராக்கெட் படம், இரண்டிலும் வட்ட முத்திரை, சில சமயம் இரண்டிலும் கையெழுத்து. எதற்கு இந்த விலை வித்தியாசம் என்று பட்டியல் சொல்வதில்லை.

இந்தச் சேகரிப்பில் இருக்கும் அடிப்படைச் சிக்கல் ஒன்றுதான். சந்திரனுக்குப் போய்வந்த உறையையும் மேசை இழுப்பறையை விட்டே நகராத உறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாது. காகிதம் அதே காகிதம், பசை அதே பசை. எந்த லென்ஸும் சொல்லாது. ஆகவே நாம் காசு கொடுப்பது காகிதத்துக்கு இல்லை. அது போய்வந்தது என்று சொல்லும் சாட்சிக்கு. அந்தச் சாட்சியை நம்மால் சொந்தமாகப் படித்துப் பார்க்க முடிகிறதா என்பதை வைத்துத்தான் எந்த வகை நமக்கு ஏற்றது என்று முடிவு செய்ய வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது.

விண்வெளிப் படம் போட்ட தபால்தலைகளையும், தலை வெளியான நாளின் முத்திரை விழுந்த முதல் நாள் உறைகளையும் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. ராக்கெட் தபாலையும் விட்டுவிட்டேன். ஆஸ்திரியாவில் ஃப்ரீட்ரிக் ஷ்மீடல் 1931-லும், கல்கத்தாவின் ஸ்டீஃபன் ஸ்மித் 1934-லிருந்தும் ராக்கெட்டில் கடிதம் அனுப்பினார்கள். 1959-ல் பார்பெரோ என்ற அமெரிக்க நீர்மூழ்கியிலிருந்து ரெகுலஸ் ஏவுகணையில் 3,000 கடிதங்கள் போயின. அருமையான வரலாறு, ஆனால் எதுவும் விண்வெளியைத் தொடவில்லை. அது தனிச் சேகரிப்பு.

## எதை வைத்து எடை போடுவது

சாட்சி. போய்வந்ததற்கு என்ன ஆதாரம்? உறையிலேயே இருக்கிறதா, இல்லை கூட வரும் தாளில் இருக்கிறதா? தாளில் இருந்தால் அந்தத் தாளை எழுதியது யார்?

போன இடம். 'விண்வெளி' என்ற சொல்லை விற்பவர்கள் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். பொதுவாக ஏற்கும் எல்லை 100 கிலோமீட்டர் உயரம். பலூனில் 30 கிலோமீட்டர் ஏறி இறங்கிய உறையும் அதே பெயரில் விற்கப்படுகிறது. பூமியைச் சுற்றியதா, சந்திரனைச் சுற்றியதா, சந்திரனில் இறங்கியதா என்பதெல்லாம் வேறு வேறு.

எண்ணிக்கை. எத்தனை உறைகள் போயின என்று தெரிந்த பயணமா? எண்ணிக்கை தெரியாத இடத்தில் போலி சுலபமாக நுழைந்துவிடும்.

மறைந்த செலவு. வாங்கிய விலைக்கு மேல் ஏலக் கமிஷன், நிபுணர் சான்று, இன்ஷூரன்ஸ் செய்த பார்சல், சுங்கம், பாதுகாப்பான உறைப்பை. சில வகைகளில் இவை உறையின் விலையையே தாண்டிவிடும்.

விற்க நேர்ந்தால். இதைப் பலர் வாங்கும்போது யோசிப்பதில்லை. உங்களை நம்ப வைத்த சாட்சி உங்களிடமிருந்து வாங்கப்போகிறவரையும் நம்ப வைக்குமா?

இந்த ஐந்தில் முதலாவதுக்குத்தான் நான் பாதிக்கு மேல் எடை கொடுப்பேன்.

## 1. அப்பல்லோ உறைகள்: சந்திரன் வரை போனவை

இந்த வகையின் கதை முழுவதும் அப்பல்லோ 15-ல் இருக்கிறது. 1971 ஜூலை 26 அன்று டேவிட் ஸ்காட், ஜேம்ஸ் இர்வின், ஆல்ஃபிரட் வோர்டன் மூவரும் புறப்பட்டபோது, அனுமதிப் பட்டியலில் இல்லாத 398 உறைகளும் கூடவே போயின. அவற்றில் 100 உறைகள் ஹெர்மன் ஸீகர் என்ற மேற்கு ஜெர்மானியத் தபால்தலை வியாபாரிக்கு. அப்பல்லோ திட்டம் முடிந்த பிறகே அவை விற்கப்படும் என்று வீரர்கள் நினைத்திருந்தார்கள். ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே ஒன்று 4,850 மார்க் என்று விற்பனைக்கு வந்துவிட்டது. ஆளுக்கு ஏறக்குறைய 7,000 டாலர் என்று பேசப்பட்ட பணத்தை வீரர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். 1972-ல் நாசா அவர்களைப் பகிரங்கமாகக் கண்டித்தது. மூவரில் ஒருவரும் மறுபடி விண்வெளிக்குப் போகவில்லை. மீதமிருந்த 298 உறைகள் முடக்கப்பட்டு, வோர்டன் வழக்குத் தொடுத்த பிறகு 1983-ல்தான் திரும்பக் கிடைத்தன.

இந்தக் கதை சேகரிப்பவருக்கு ஏன் முக்கியம் என்றால், இந்த விசாரணைதான் அப்பல்லோ 15 உறைகளுக்கு வேறெந்த உறைக்கும் இல்லாத அளவு ஆவணங்களை உண்டாக்கியது. எத்தனை போயின, யார் கையில் இருந்தன, எங்கே முத்திரை விழுந்தது எல்லாம் பதிவில் இருக்கிறது. ஸீகர் உறைகளில் சந்திரனில் ஹாட்லி என்ற இடத்தில் இறங்கியதாக ஸ்காட்டும் இர்வினும் கையால் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். பின்பக்கம் நோட்டரி சான்றும் உண்டு.

இந்த உறையை உற்றுப் பார்த்தால் இன்னொரு அழகான விஷயம் தெரியும். இடது பக்கம் 10 சென்ட் 'சந்திரனில் முதல் மனிதன்' தபால்தலை, புறப்பட்ட நாளின் கென்னடி விண்வெளி மைய முத்திரையோடு. வலது பக்கம் ஜோடித் தபால்தலைகள், கடலிலிருந்து அவர்களை மீட்ட ஓகினாவா கப்பலின் ஆகஸ்ட் 7 முத்திரையோடு. அந்த ஜோடித் தபால்தலைகள் வெளியானதே ஆகஸ்ட் 2 அன்றுதான். அன்று ஸ்காட்டும் இர்வினும் சந்திரனில் இருந்தார்கள். அப்படியானால் வலது பக்கத் தலைகள் சந்திரனைப் பார்க்கவே இல்லை, கப்பலில் ஒட்டப்பட்டவை. உறையும் இடது பக்கத் தலையும்தான் போய்வந்தவை. ஒரு உறையை இப்படிப் படிக்கத் தெரிந்துகொள்வதுதான் இந்தச் சேகரிப்பின் உண்மையான இன்பம் என்று நினைக்கிறேன். அதே ஆகஸ்ட் 2 அன்று ஸ்காட், தொலைக்காட்சிக் கேமராவின் முன் தபால் துறை அதிகாரபூர்வமாகக் கொடுத்தனுப்பிய ஓர் உறைக்குச் சந்திரனிலேயே முத்திரை குத்தினார். அது ஸ்மித்சோனியனின் தேசியத் தபால் அருங்காட்சியகத்துக்கு உரியது. யாரும் வாங்க முடியாது, பார்க்கலாம்.

மற்ற அப்பல்லோ உறைகளில் 'எவ்வளவு தூரம்' என்ற கேள்வியை விடாமல் கேளுங்கள். அப்பல்லோ 14-ல் எட்கர் மிட்செல் கொண்டுபோன 55 உறைகள் சந்திரனின் தரைவரை போனவை. அப்பல்லோ 11-ல் போன 214 உறைகள் தரையிறங்காத கட்டளைக்கலத்தில் இருந்தபடியே சந்திரனைச் சுற்றிவந்தன. வீரர்கள் தனிமைப்படுத்தலில் இருந்தபோது, ஆகஸ்ட் 11 தேதியிட்ட டெக்ஸஸ் வெப்ஸ்டர் முத்திரை அவற்றில் விழுந்தது.

இங்கேதான் பெரிய குழி ஒன்று இருக்கிறது. 'அப்பல்லோ 11 இன்ஷூரன்ஸ் கவர்' என்று விற்கப்படுவது பறந்த உறை இல்லை. உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் குடும்பம் விற்றுப் பிழைக்கட்டும் என்று ஆர்ம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் மூவரும் புறப்படும் முன் கையெழுத்திட்டுப் பூமியில் விட்டுப்போனவை அவை. மனதை உருக்கும் பொருள், விலையும் அதிகம், ஆனால் சந்திரனுக்குப் போகவில்லை. விற்பவர் பொய் சொல்லியிருக்க மாட்டார். வாங்குபவர்தான் தலைப்பில் 'அப்பல்லோ 11' என்பதையும் மூன்று கையெழுத்தையும் பார்த்துத் தானாக முடிவு கட்டிவிடுகிறார்.

மறைந்த செலவு இந்த வகையில்தான் மிக அதிகம். சந்திரனுக்குப் போய்வந்த உறைகள் ஏலத்தில் ஐந்து இலக்க டாலருக்குப் போவதுண்டு. ஏல நிறுவனங்கள் விலைக்கு மேல் 20 முதல் 25 சதவீதம் கமிஷன் சேர்ப்பது சாதாரணம். கையெழுத்து இருந்தால் அதற்குத் தனி நிபுணர் சான்று தேவை. நாசாவில் ஆட்டோபென் என்ற கையெழுத்து இயந்திரம் தாராளமாகப் பயன்பட்டது. ஒரே வீரரின் இரண்டு கையெழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் அச்சாகப் பொருந்துகிறதா, கோடு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தடிமனில் ஓடுகிறதா என்று பாருங்கள். மனிதக் கை அப்படி எழுதாது.

வாங்கலாம் என்று நான் சொல்வது ஒரே நிலையில்தான்: பணம் முடங்கினால் பரவாயில்லை, விண்வெளி வீரரின் கையிலிருந்து இன்றுவரை யார் யாரிடம் இருந்தது என்ற வரிசை ஓர் இடைவெளியும் இல்லாமல் எழுத்தில் இருக்கிறது. உரிமைபற்றிய பழைய பயம் இப்போது குறைந்திருக்கிறது. மெர்குரி, ஜெமினி, அப்பல்லோ வீரர்கள் தங்களிடம் வைத்துக்கொண்ட பொருள்கள் அவர்களுக்கே சொந்தம் என்று அமெரிக்கா 2012-ல் சட்டம் இயற்றியது.

## 2. எஸ்டிஎஸ்-8: அரசே அனுப்பிய இரண்டரை லட்சம் உறைகள்

அப்பல்லோ 15 விவகாரம் நடந்து பன்னிரண்டு வருடம் கழித்து, அமெரிக்கத் தபால் துறையும் நாசாவும் சேர்ந்து அதே வேலையை முறையாகச் செய்தன. 1983 ஆகஸ்ட் 30 அன்று எஸ்டிஎஸ்-8 என்ற பயணத்துக்கு இருட்டில் புறப்பட்ட சேலஞ்சர் விண்கலத்தின் சரக்கு அறையில் சுமார் 2,60,000 உறைகள் ஏற்றப்பட்டன. ஷட்டில் என்ற அமெரிக்க விண்வெளி ஓடங்களின் வரலாற்றில் முதல் இரவுப் புறப்பாடு அது. குயன் புளூஃபோர்ட் விண்வெளிக்குப் போன முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் ஆனதும் அதே பயணத்தில்தான். செப்டம்பர் 5 அன்று திரும்பிய பிறகு ஓர் உறை 15.35 டாலர் என்று தபால் துறையே பொதுமக்களுக்கு விற்றது. ஒவ்வொன்றிலும் 9.35 டாலர் தபால்தலை, தொடர் எண்.

முதன்முதலில் பறந்த உறை வாங்குகிறவருக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். போய்வந்தது பற்றி ஒரு சந்தேகமும் இல்லை, சாட்சி சொல்வது அரசு. தனிக் கடிதம் தேவையில்லை, நிபுணர் சான்று தேவையில்லை. உறையிலேயே கதையும் இருக்கிறது: முதலில் திட்டமிட்ட புறப்பாட்டு நாளான ஆகஸ்ட் 14 முத்திரை ஒன்று, அப்புறம் உண்மையில் புறப்பட்ட நாள், இறங்கிய நாள். ஒரு தாமதம் மூன்று தேதிகளாக உறையில் பதிந்திருக்கிறது.

குறை அதே எண்ணிக்கைதான். இரண்டரை லட்சத்துக்கு மேல் இருப்பதால் விலை ஏறுவதில்லை. முதலீடு என்று யாராவது இதை விற்றால் நகர்ந்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் பார்சல் செலவே உறை விலையைத் தொடும். இன்னொரு விஷயத்தையும் பார்க்க வேண்டும். அதே 9.35 டாலர் தபால்தலை ஒட்டிய முதல் நாள் உறைகள் ஆகஸ்ட் 12 தேதியோடு சந்தையில் இருக்கின்றன. அவை பறக்கவில்லை. தொடர் எண்ணும் இறங்கிய நாள் முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கூடவே வந்த அட்டை மடிப்பு இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

## 3. விண்வெளி நிலைய உறைகள்: சல்யூட், மிர், சர்வதேச நிலையம்

என் மனதுக்கு நெருக்கமானது இந்த வகை. ஏமாந்ததும் இதில்தான்.

விண்வெளியில் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குத் தபால் போனது 1969 ஜனவரி 16 அன்று. சோவியத் விண்கலமான சோயூஸ் 5-லிருந்து யெலிஸேயெவும் குருனோவும் வெட்டவெளியில் நடந்து சோயூஸ் 4-க்கு மாறியபோது, அங்கே தனியாக இருந்த ஷடாலோவுக்குக் கடிதங்களையும் செய்தித்தாள்களையும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவர் பூமியை விட்டுக் கிளம்பிய பிறகு அச்சான செய்தித்தாள் விண்வெளியில் அவர் கைக்கு வந்தது. அந்த மரபு சல்யூட் 6, சல்யூட் 7, மிர் என்ற சோவியத் விண்வெளி நிலையங்களில் வளர்ந்தது. நிலையத்துக்கே தபால் முத்திரை போயிற்று, விண்வெளி வீரர்களே போஸ்ட்மாஸ்டர் வேலையும் பார்த்தார்கள். மற்ற வகைகளில் முத்திரை பூமியில் விழுகிறது. இதில் மட்டும்தான் முத்திரையே பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது விழுகிறது. அந்த எண்ணத்தின் கவர்ச்சியை என்னால் இன்னும் விட முடியவில்லை.

எண்ணிக்கை குறைவாக இருப்பதற்கும் காரணம் உண்டு. மேலே கொண்டுபோவது சுலபம், புரோக்ரஸ் சரக்குக்கலம் டன் கணக்கில் சுமக்கும். ஆனால் புரோக்ரஸ் திரும்பும்போது எரிந்துபோய்விடும். கீழே வரும் பொருள் பெரும்பாலும் சோயூஸில், மூன்று பேருக்கு நடுவே, சில பத்துக் கிலோ இடத்தில் வர வேண்டியிருந்தது. அமெரிக்க ஷட்டில்கள் மிருக்கு வரத் தொடங்கிய பிறகுதான் இந்த நெருக்கடி தளர்ந்தது. ஆகவே உண்மையான நிலைய உறை ஒவ்வொன்றுக்கும் இரண்டு பதில் இருந்தாக வேண்டும்: எந்தக் கலத்தில் ஏறியது, எந்தக் கலத்தில் இறங்கியது. நிலைய முத்திரையின் தேதி இந்த இரண்டுக்கும் நடுவே விழ வேண்டும். கையெழுத்திட்டவர் அந்தத் தேதியில் அங்கே இருந்திருக்க வேண்டும்.

இது தெரியாமல்தான் நான் மிர் முத்திரை போட்ட உறை ஒன்றை வாங்கினேன். முத்திரை பளிச்சென்று இருந்தது, இரண்டு கையெழுத்து, விற்றவர் கொடுத்த சான்றுத் தாள். தேதி 1989 ஜூன். ஒரு வருடம் அதை ஆல்பத்தின் முதல் பக்கத்தில் வைத்திருந்தேன். அப்புறம் மிரில் யார் எப்போது இருந்தார்கள் என்று எனக்காக ஓர் அட்டவணை போட்டபோதுதான் கண்ணில் பட்டது: 1989 ஏப்ரல் 27 முதல் செப்டம்பர் தொடக்கம் வரை மிரில் ஒருவருமே இல்லை. ஆளில்லாத நிலையத்தில் முத்திரை குத்தியது யார்? விற்றவரை அதன் பிறகு பிடிக்க முடியவில்லை. அந்த உறையை வைத்திருக்கிறேன், தனி உறைப்பையில், பின்னால் 'போலி' என்று பென்சிலில் எழுதி. எனக்குப் பிறகு இதை எடுப்பவர் ஏமாறக் கூடாது.

போலிக்கு நிகராக ஏமாற்றுவது பாதி உண்மை. பைக்கனூர் ஏவுதளத்தின் முத்திரை, வீரர்கள் பயிற்சி பெறும் நட்சத்திர நகரின் முத்திரை இரண்டும் உண்மையான தபால் முத்திரைகள். ஆனால் இரண்டும் பூமியில் விழுபவை. அவை மட்டும் உள்ள உறை, சம்பந்தப்பட்ட நாளில் அங்கே தபாலில் சேர்ந்தது என்று மட்டும்தான் சொல்கிறது. நிலைய முத்திரையின் பிரதிகள் பூமியில் குத்தப்பட்ட உறைகளும் உலவுகின்றன. ஆகவே முத்திரை இருந்தாலே பறந்தது என்று ஆகிவிடாது.

இந்த வகையின் மறைந்த செலவு பணம் இல்லை, படிப்பு. ரஷ்ய எழுத்துகளைக் கூட்டியாவது படிக்க வேண்டும், ஒவ்வொரு குழுவும் ஏறி இறங்கிய தேதிகளைக் கையருகே வைத்திருக்க வேண்டும், உண்மை என்று உறுதியான முத்திரைகளின் படங்களைச் சேர்த்து ஒப்பிட வேண்டும். ஆறு மாதமாவது வாங்காமல் பார்த்துக்கொண்டே இருக்கும் பொறுமை உள்ளவருக்கு இதைவிட நல்ல வகை இல்லை. அவசரப்படுகிறவருக்கு இதைவிட மோசமானதும் இல்லை.

## 4. பறக்காத உறைகள்: புறப்பட்ட நாள், மீட்ட நாள்

இதைச் சேர்த்ததற்குச் சிலர் ஆச்சரியப்படலாம். பறக்காததை எதற்கு ஒப்பிட வேண்டும்? சாட்சி என்ற அளவுகோலில் இது முதலிடத்துக்கு வருகிறது என்பதால்தான்.

ராக்கெட் புறப்பட்ட நாளில் ஏவுதளத்துக்குப் பக்கத்துத் தபால் நிலையத்தில் முத்திரை விழுந்த உறை, தான் சொல்வதைத் தானே நிரூபிக்கிறது. நான் அந்த நாள், அந்த இடம், அவ்வளவுதான். அதற்கு மேல் எதையும் அது கோரவில்லை. விண்கலத்தைக் கடலிலிருந்து மீட்ட கப்பல்களிலும் தபால் நிலையங்கள் இருந்தன. 1969 ஜூலை 24 அன்று அப்பல்லோ 11-ஐ மீட்ட ஹார்னெட், 1970 ஏப்ரல் 17 அன்று அப்பல்லோ 13 தப்பித்து வந்து விழுந்தபோது காத்திருந்த இவோ ஜீமா. அந்த முத்திரைகளைப் பார்க்கும்போது அந்த நாளின் படபடப்பு இன்னும் உறையில் ஒட்டியிருப்பதுபோல எனக்குத் தோன்றும்.

ஜான் கிளென் பூமியைச் சுற்றிவந்த 1962 பிப்ரவரி 20 உறைகள் எனக்கு மிகவும் பிடித்தவை. அமெரிக்கத் தபால் துறை 'ப்ராஜெக்ட் மெர்குரி' 4 சென்ட் தபால்தலையை ரகசியமாக அச்சிட்டு, பிரிக்காத பொட்டலங்களாக ஊர் ஊராக அனுப்பி வைத்திருந்தது. கிளென் பத்திரமாக இறங்கிய செய்தி வந்ததும் அவை விற்பனைக்கு வந்தன. அந்தத் தலையும் அந்த நாள் முத்திரையும் உள்ள உறை, பயணம் வெற்றி என்று தெரிந்த சில மணி நேரத்துக்குள் ஒருவர் தபால் நிலையத்துக்கு ஓடியதன் பதிவு. விலையும் மிகக் குறைவு.

கண்காட்சிக்குச் சேகரிப்பைக் கொண்டுபோக நினைப்பவர்கள் இந்த வகையை விடவே முடியாது. விண்வெளித் தபாலியல் தனிப் பிரிவாக நடுவர்களால் மதிப்பிடப்படுகிறது. நிகழ்வு நடந்த சரியான இடத்தின், சரியான நாளின் முத்திரைதான் அங்கே முதுகெலும்பு.

இதிலும் போலி உண்டு. மீட்புக் கப்பல் உறைகளில், முக்கியமாக 1960-களின் ஆரம்பப் பயணங்களுக்கு, முத்திரையே கள்ளத்தனமாகச் செய்யப்பட்டவை பெயர்போனவை. உண்மை முத்திரையின் படத்தோடு எழுத்தின் இடைவெளியை ஒப்பிட்டுப் பாருங்கள். மறைந்த செலவு என்று பார்த்தால், விலை குறைவு என்பதே செலவு. ஒன்று, இரண்டு என்று வாங்கி வருட முடிவில் நூறு சேர்ந்துவிடும். அந்தப் பணத்தைக் கூட்டிப் பார்த்தால் நல்ல பறந்த உறை ஒன்றின் விலை வரும். ஒரு திட்டத்தை மட்டும், அல்லது ஒரு கப்பலை மட்டும் என்று எல்லை வகுத்துக்கொண்டால் இது நடக்காது.

## 5. நீங்களே அனுப்பும் அட்டை

புளூ ஆரிஜின் நிறுவனத்தின் 'கிளப் ஃபார் த ஃபியூச்சர்' 2019-லிருந்து மாணவர்களின் அஞ்சலட்டைகளை நியூ ஷெப்பர்ட் ராக்கெட்டில் 100 கிலோமீட்டருக்கு மேலே அனுப்பி, போய்வந்ததாக முத்திரையிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறது. மொத்தப் பயணமே பத்து நிமிடத்துக்குச் சற்று அதிகம், பூமியைச் சுற்றுவதில்லை. முத்திரையும் தபால் துறையினுடையது இல்லை. விற்பனை மதிப்பு என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் ஒரு குழந்தை தன் கையால் வரைந்த அட்டை விண்வெளிக்குப் போய்வந்தது என்பதற்கு வேறெந்த வகையும் ஈடாகாது. அனுப்பும் முன் அப்போது அட்டைகளை ஏற்கிறார்களா, பயணங்கள் நடக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| வகை | போன இடம் | சாட்சி எங்கே | எண்ணிக்கை | மறைந்த செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| அப்பல்லோ | சந்திரனைச் சுற்றி, சில தரை வரை | கைமாறிய வரிசை, வீரரின் எழுத்து | சில பத்து முதல் சில நூறு | கமிஷன், நிபுணர் சான்று, இன்ஷூரன்ஸ் | பணம் முடங்கினாலும் பரவாயில்லை என்பவருக்கு |
| எஸ்டிஎஸ்-8 | பூமியைச் சுற்றி | உறையிலேயே; அரசு | சுமார் 2,60,000 | பார்சல் | முதல் பறந்த உறை தேடுபவருக்கு |
| விண்வெளி நிலையம் | பூமியைச் சுற்றி | நிலைய முத்திரை, ஏறி இறங்கிய கலம் | குறைவு, பலவற்றுக்குத் தெளிவில்லை | படிப்பு, நேரம், ஏமாறும் ஆபத்து | பொறுமையாகக் கற்பவருக்கு |
| பறக்காதவை | பூமி | தபால் முத்திரையே | ஏராளம் | சிறுகச் சிறுகக் கரையும் பணம் | வரலாறு, கண்காட்சி விரும்புபவருக்கு |
| சொந்த அட்டை | 100 கி.மீ.க்குச் சற்று மேல் | நிறுவன முத்திரை | பல ஆயிரம் | காத்திருப்பு | குழந்தைகளுக்கு |

## என்னைக் கேட்டால்

கையில் சிறு தொகைதான் இருக்கிறது, ஆனாலும் பறந்தது ஒன்று வேண்டும் என்றால் எஸ்டிஎஸ்-8. அதோடு அதே பயணத்தின் பறக்காத உறை ஒன்றையும் வாங்குங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து எது எதைச் சொல்கிறது என்று படித்துப் பாருங்கள். நூறு கட்டுரை சொல்லித் தராததை அந்த இரண்டு உறைகள் சொல்லித் தரும்.

நடுத்தரத் தொகை இருந்தால் ஆசை நேராக நிலைய உறைகளுக்கு இழுக்கும். அதற்கு முன் ஒரு வருடம் பறக்காத உறைகளில் பழகுவது நல்லது. முத்திரையைப் படிக்கும் கண் அங்கேதான் உருவாகிறது, தவறு செய்தாலும் போவது சில டாலர்தான்.

அப்பல்லோவுக்குச் சேமிக்கிறவர் நிறைய சின்ன உறைகள் வாங்காமல் காத்திருக்கலாம். ஆனால் காத்திருக்கும் காலத்தில் ஏலப் பட்டியல்களை வரி வரியாகப் படியுங்கள். 'பறந்தது', 'பயணத்தோடு தொடர்புடையது', 'வீரரின் சேகரிப்பிலிருந்து' என்ற மூன்று சொற்றொடர்களும் மூன்று வேறு பொருள்கள். முதல் சொல் மட்டும்தான் உறை விண்வெளிக்குப் போனது என்று உறுதி கூறுகிறது.

எதை வாங்கினாலும் பாதுகாப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். பி.வி.சி. உறைப்பை காலப்போக்கில் எண்ணெய்போலக் கசிந்து மையைக் கெடுக்கும். பாலியெஸ்டர் உறைப்பையும் அமிலமில்லா அட்டையும் வாங்குங்கள். ஸ்கெட்ச் பேனாக் கையெழுத்து வெளிச்சத்தில் வெளிறிப்போகும், கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டாதீர்கள். ஈரக்காற்றில் பசை ஒட்டிக்கொள்ளும். சான்றுத் தாளை உறையோடு ஒரே பையில் வைக்காமல் பக்கத்துப் பையில் வையுங்கள், அதன் மை உறைக்கு மாறலாம். சான்றுத் தாளை ஸ்கேன் எடுத்து வேறோர் இடத்தில் வைக்க மறக்க வேண்டாம். அது தொலைந்தால் உறை மறுபடி சாதாரணக் காகிதமாகிவிடும்.

வாங்கும் முன் விற்பவரிடம் நான் எழுத்தில் கேட்பவை இவை: எந்தக் கலத்தில் ஏறியது, எந்தக் கலத்தில் இறங்கியது, யாருடைய பொறுப்பில் போனது, அவரிடமிருந்து உங்கள் கைக்கு எப்படி வந்தது, பொய் என்று தெரிந்தால் எத்தனை நாளுக்குள் பணம் திரும்பும். நல்ல வியாபாரிகள் இதற்குக் கோபப்பட மாட்டார்கள். பல சமயம் நான் கேட்காத விவரத்தையும் சேர்த்து அனுப்புவார்கள்.